வண்டி நல்லாத்தான் ஓடுது, மாமா

தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, மாமா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு நீங்கள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டீர்கள். அத்தைக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். காலை பதினொரு மணி. எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இந்த வரி முதலில் வந்திருக்க வேண்டும். நானும் அம்மாவும் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் சொல்லும்போது வண்டியையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆனால் இந்தக் கடிதமே வண்டியைப் பற்றியது. வண்டி நலமில்லை.

எழுதிவிட்டேன். பதினொரு மாதமாகச் சொல்ல முடியாத வாக்கியம். எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். முடியவில்லை. நீங்கள் "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டதும் என் வாய் தானாகவே "நல்லாத்தான் ஓடுது மாமா" என்று சொல்லிவிடுகிறது. ஒருமுறை அப்படிச் சொன்னபோது நான் வண்டிக்குள் இருந்தேன். வண்டி ஒரு லாரியின் முதுகில் இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓடத்தான் செய்தது, ஒரு வகையில்.

இன்று காலை நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அந்த வண்டிய எனக்கே திருப்பிக் குடுத்துடு பாப்பா. நீ குடுத்த விலையை அப்படியே தந்துடறேன். இப்ப வாங்கின புதுசு மனசுக்கு ஒட்டல. அது ராசியான வண்டி. ஏழு வருஷத்துல ஒரு நாள்கூட என்னை நடுரோட்டுல விட்டதில்ல."

வேறு யாராவது என் இடத்தில் இருந்தால் போனை வைக்குமுன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நான் இந்த மேஜையில் வந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லாமல் இந்த வண்டியை உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் அது மோசடி. சொல்லிவிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை ஆகியிருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜால்.

பத்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது பழையதை அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் அது குளிர்வதை நிறுத்திக்கொண்டது. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா அதை அப்போதே உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், யாரோ "உங்க அண்ணன் ஃபிரிட்ஜ் குடுத்தாராமே" என்று கேட்க, "ஃபிரிட்ஜா? அலமாரி குடுத்தான். திறந்தா லைட் எரியற அலமாரி" என்றாள். இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. நானும் சிரித்தேன். நீங்கள் எழுந்துபோய் உங்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். பிறகு ஒன்பது வருடம் எங்கள் வீட்டில் உங்கள் குரல் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜை அம்மா தூக்கிப் போடவில்லை. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வாசலுக்கு உள்ளே, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. மேல்தட்டுகளில் போர்வைகள், தலையணை உறைகள், விருந்தாளி வந்தால் எடுக்கும் துண்டுகள். வாரம் தவறாமல் துடைக்கிறாள். வீட்டில் அதற்கு அலமாரி என்றுதான் பெயர். சண்டை மூட்டிய சொல் பெயராகி, பெயர் பழகி, இப்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

அப்புறம் எனக்கு இரண்டாவது கல்லூரியிலும் வேலை கிடைத்தது. நகரத்தின் இந்த முனையில் முதல் பாடவேளை. அந்த முனையில் மூன்றாவது. இரண்டாம் பாடவேளை முழுவதும் சாலையில். பஸ்ஸில் நடக்காது. உங்களுக்கு யார் சொன்னார்களோ, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. அம்மா எடுத்தாள். ஒன்பது வருடம் கழித்து நீங்கள் சொன்ன முதல் வாக்கியம், "பாப்பாவுக்கு வண்டி வேணுமாமே." அம்மா சொன்ன முதல் சொல், "ஆமா."

அவ்வளவுதான். சமாதானத்துக்கு இவ்வளவு கொஞ்சம் சொற்கள் போதும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வண்டி வந்த அன்று அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "உங்க மாமாகிட்ட வண்டியைப் பத்திக் குறைன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. டயர் கழண்டு ஓடினாலும் நல்லா ஓடுதுன்னுதான் சொல்லணும். புரியுதா?" புரிந்தது. அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அம்மா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறாள். முதலில் பத்து நிமிடம். பிறகு அரை மணி. பிறகு காயப்போட்ட துணியை எடுக்க மறந்துபோகும் அளவுக்கு. கீழே என் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது அவள் சிரிப்பது கேட்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், பொத்திய கையையும் மீறி வரும். அந்தச் சிரிப்பை இதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு ஃபிரிட்ஜுக்கு ஒன்பது வருடம் போனது. ஒரு காருக்கு எத்தனை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டு பில்லைக் கட்டினேன்.

பில்கள் அம்மா கண்ணில் படக் கூடாது. பட்டால் உங்களிடம் பேசும்போது குரல் மாறிவிடும் என்று பயம். அவள் கையில் காகிதம் சிக்கினால் பென்சிலால் எழுதாமல் விடமாட்டாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கரண்ட் பில்லில் 'கட்டியாச்சு'. மாத்திரை அட்டையில் 'போட்டாச்சு'. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'பார்த்தாச்சு'. படித்தாச்சு இல்லை, பார்த்தாச்சு. எனவே பில்களை வீட்டில் யாரும் திறக்காத ஒரே இடத்தில் வைத்தேன். அலமாரியின் அடியில் இருக்கும் காய்கறிப் பெட்டி. இழுத்தால் பாதியில் சிக்கும். அதற்குள் இப்போது ஒன்பது மாதத்துப் பில்கள் இருக்கின்றன.

இனி வண்டிக்கு வருகிறேன்.

சாவி கொடுத்த அன்று நீங்கள் வாசலில் நின்று, முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவரின் குரலில், ஆறு விதிகள் சொன்னீர்கள். குறித்துக்கொண்டேன். ரேடியோ ஒலி எப்போதும் பதினாலில் இருக்கட்டும். ஏசி இரண்டைத் தாண்ட வேண்டாம், உடம்புக்கு ஆகாது. வேகத்தடையில் நேராக ஏறாதே, கொஞ்சம் சாய்த்து ஏறு. ஒரு துண்டு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும். எங்கே நிறுத்தினாலும் முன்பக்கமாகவே வெளியே வரும்படி நிறுத்து, "பின்னால போற வேலையே வச்சுக்காதே." இந்தக் கடைசியை வாழ்க்கைக்கும் ஆகும் என்று தனிப்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

அறிவுரை என்று நினைத்தேன். ஆறும் நோய்க்குறிகள்.

இரண்டாம் மாதம் ரேடியோவின் திரை கறுத்துப்போய் நின்றுவிட்டது. முதல்முறையாக வண்டிக்குள் அமைதி. அமைதி என்று நினைத்த அரை நிமிடத்தில், பின்னாலிருந்து ஒரு விமானம் கிளம்புகிற சத்தம். வேகம் கூடக் கூட விமானம் மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தினேன், விமானம் இறங்கியது. எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருக்கு ஓரளவு என்று பெயர். எதைக் கேட்டாலும் ஓரளவுக்கு என்பார். சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. செலவு அதிகமா? ஓரளவுக்கு. வீட்டில் சௌக்கியமா? அதற்கும் அதுதான்.

"சத்தம் எப்பலேர்ந்து டீச்சர்?"

"இன்னிக்குத்தான்."

"இன்னிக்குத்தான் வந்துச்சா, இன்னிக்குத்தான் கேட்டுச்சா?"

யோசித்தேன். இவ்வளவு நுட்பமான கேள்வியை என்னிடம் என் ஆய்வு வழிகாட்டிகூடக் கேட்டதில்லை. "ரேடியோ இன்னிக்குத்தான் நின்னுது" என்றேன்.

"அப்படி வாங்க. பாட்டுப் போட்டே ஓட்டியிருக்கீங்க. பின்சக்கரம் ரெண்டுலயும் பேரிங் போச்சு. இது போய் வருஷம் ரெண்டாவது இருக்கும்."

செலவை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், மாமா. தொகையாகச் சொன்னால் உங்களிடம் கேட்பது போல ஆகிவிடும். நான் ஒரு நாற்காலிக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்கு நல்ல நாற்காலி, சாய்ந்தால் கூடவே சாயும், உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கென்று செய்தது. அதையே அளவாக வைத்துக்கொள்கிறேன். பேரிங் இரண்டும் சேர்ந்து முக்கால் நாற்காலி.

அடுத்தது ஏசி. நல்ல வெயில் நாள், இரண்டு கல்லூரிக்கும் நடுவில், ஒரு பலவீனமான நொடியில் மூன்றில் வைத்தேன். முன்பக்கம் யாரையோ கிள்ளிவிட்டது போல ஒரு கீச்சுக் குரல், பிறகு ரப்பர் தீயும் வாசனை. கம்ப்ரஸர் இறுகிப்போய் பெல்ட்டையும் கூடவே கொண்டுபோய்விட்டது என்று ஓரளவு சொன்னார். "ரெண்டுக்கு மேல வச்சீங்களா?" என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டு நாற்காலி.

வேகத்தடையைச் சாய்த்தே ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் லாரி வந்ததால் சாய்க்க இடமில்லை. நேராக ஏறினேன். கரண்டிகள் இருக்கும் இழுப்பறையை மாடியிலிருந்து தள்ளிவிட்டது போல ஒரு சத்தம். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் என்று ஏழெட்டு இருக்கிறதாம், ஒன்றில்கூட ரப்பர் இல்லையாம். பார்ப்பதற்குச் சின்னக் காரை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்ததுபோல் உயரமாக இருக்கிறதே, மேடு பள்ளத்துக்கென்றே செய்தது என்று நினைத்தேன் என்றேன். "ஒசரம் பார்க்கத்தான் டீச்சர்" என்றார் ஓரளவு. ஒரு நாற்காலி, கைப்பிடிகள் இல்லாமல்.

தண்ணீர் பாட்டிலை எழுத வெட்கமாக இருக்கிறது. தாகத்துக்குச் சொன்னீர்கள் என்று நினைத்து ஐந்து மாதம் நான் குடித்துவந்தேன். தினமும் நிரப்பிவைத்துக் குடித்தேன். உங்கள் அக்கறையை நினைத்துக்கொண்டும் சில நாள் குடித்தேன். ஒரு மத்தியானம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓரளவுக்குப் போன் போட்டேன். வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஒரு பாட்டில் வச்சிருப்பீங்களே டீச்சர், தண்ணி. எங்க அது?"

"குடிச்சிட்டேன்."

என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அது வண்டிக்கு வச்சது" என்றார்.

எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் சுற்றிவருகிற பாதையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு விரிசல் விட்டு, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. "இவ்வளவு சூடாச்சுன்னா முன்னாடி லைட் எரிஞ்சிருக்கணுமே" என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்தார். விரல் நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டினார். கறுப்பு டேப் ஒரு துண்டு உரிந்து வந்தது. கச்சிதமாக, நகம் அளவுக்கு வெட்டி ஒட்டிய துண்டு. அதற்குக் கீழே மஞ்சளாக, சின்ன எஞ்சின் படம் போட்ட விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாகவோ. எங்களுக்காகக் காத்திருந்த மாதிரி.

"எரியறது தப்பில்ல. தெரியறதுதான் தப்புன்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க" என்றார் ஓரளவு. ஓரளவுக்கு என்பவர் இப்படித் தத்துவமாகப் பேசியது அது ஒன்றுதான். இரண்டரை நாற்காலி. டேப் துண்டு என்னிடம் இருக்கிறது. இத்துடன் வைக்கிறேன்.

துண்டுக்கு வருகிறேன். இரண்டாவது கல்லூரியில் என் வேலை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கிறவர் துறைத்தலைவர். பெரிய மழை அன்று அவருடைய வண்டி வரவில்லை. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பெருமைக்குத்தான். உங்கள் வண்டியில் கூரைக்குக் கண்ணாடி இருக்கிறதே, அதில் தேங்கும் மழைநீர் வெளியே போக நாலு மூலையிலும் குழாய் உண்டாம். நாலும் அடைத்திருந்தன. முதல் சிக்னலில் பிரேக் போட்டதும், மேலே சேர்ந்திருந்தது முழுவதும் முன்னால் வந்து, அவர் தலையில் மட்டும் விழுந்தது. என் மேல் ஒரு சொட்டு இல்லை.

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "மேல ஏதாவது திறந்திருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப சரி."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். தயாராக மடித்து வைத்திருந்ததைப் பார்த்தார். துடைத்துக்கொண்டார். இறங்கும்போது, "அடிக்கடி நடக்குமா?" என்றார். முதல் தடவை சார் என்றேன். "துண்டு வச்சிருக்கீங்களே" என்றார். வேலை புதுப்பிக்கப்படுமா என்று இன்னும் தெரியவில்லை. குழாயில் அடைப்பு எடுக்கக் கால் நாற்காலிதான். அதைச் சொல்ல வேண்டும்.

கடைசி விதி. பின்னால் போகிற வேலை. போன மாதம் முதல் கல்லூரியில் இடம் இல்லாமல் முதல்வர் அறைச் சுவரைப் பார்த்தபடி நிறுத்த வேண்டியதாயிற்று. வகுப்பு முடிந்து வந்து ரிவர்ஸ் போட்டேன். வண்டி யோசித்தது. நானும் யோசித்தேன். பத்து விநாடி கழித்து ஓர் உதறல், அவ்வளவுதான், இருந்த இடத்திலேயே இருந்தது. என் மாணவிகள் ஆறு பேர் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"மேம், தள்ளட்டுமா?"

"வேண்டாம். போங்க. வகுப்பு இல்லையா?"

"உங்க வகுப்புதான் மேம் முடிஞ்சுது."

தள்ளினார்கள். ஜன்னல் வழியாக முதல்வர் பார்த்தார். ஒருத்தி, "மேம் ஸ்டியரிங் மட்டும் நேரா பிடிங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள். ஒரு வருடமாக நான் அவர்களுக்குச் சொல்ல முயன்றுகொண்டிருந்த எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது. அங்கிருந்துதான் வண்டி லாரியில் ஏறியது. அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள்.

கியர்பாக்ஸ். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளில் அது போனால் பிரித்து மேய வேண்டுமாம். மூன்று வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பதினொரு நாற்காலி. ஒரு வகுப்பறைக்கே போடலாம். ஆறு தவணைக்கு ஓரளவு ஒத்துக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமை வண்டி திரும்ப வந்தது, பில்லைக் காய்கறிப் பெட்டியில் வைத்தேன். நேற்று ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. அதற்கு மோட்டார் மாற்றிய பில் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்கிறவர் ஆறு விதிகளையும் வாசலில் நின்று உரக்கச் சொல்லமாட்டார். நீங்கள் பழகிவிட்டீர்கள். சத்தம் வந்தபோது ஒலியைக் கொஞ்சம் கூட்டினீர்கள். ஒழுகியபோது துண்டு வைத்தீர்கள். ஒவ்வொன்றாக, மெதுவாக. பிறகு அதுதான் வண்டி என்று ஆகிவிட்டது. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நடுரோட்டில் விட்டதில்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அது விடாதபடி நீங்கள் நடந்துகொண்டீர்கள். நானும் மாறிக்கொண்டு வருகிறேன். போன வாரம் பக்கத்து மேஜை ஆசிரியையை ஏற்றிக்கொண்டபோது, "கதவைக் கொஞ்சம் தூக்கினாப்பல மூடுங்க, காத்துக்கு நல்லது" என்று சொன்னேன். என் குரலில் உங்கள் குரல் கேட்டது. டேப் விஷயம் மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.

ஆக, மாமா, வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போது வந்தாலும் தருகிறேன். விலையை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு வருத்தம் வரும். இந்த வீட்டுக்கு எது கொடுத்தாலும் குறை சொல்லித்தான் முடியும் என்று தோன்றும். திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள், நான் நின்று கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமைப் போனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரம் அம்மா கால் மணி நேரத்திலேயே இறங்கி வந்துவிட்டாள். சிரிப்பும் கேட்கவில்லை. துணியைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தது நான் ஒருத்தி, ஓரளவு ஒருத்தர், இனி நீங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நான் இன்று சாப்பிடவில்லை என்றும் சொல்லுங்கள், அவர் கேட்டபோது பொய் சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும். இந்த முறை வண்டி இல்லாமல் தனியாக அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்,
பாப்பா

பி.கு.: மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம் என்று எழுத வந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள்.

நம்பமாட்டீர்களோ என்று பில்களையும் சேர்த்து அனுப்பலாம் என எழுந்துபோனேன். காய்கறிப் பெட்டியை இழுத்தேன். சிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரங்களில் யாரோ சோப்புத் தடவியிருந்தார்கள். பில்கள் தேதிவாரியாக அடுக்கி, கிளிப் போட்டு இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சில்.

பேரிங்: 'அண்ணனுக்குச் சொல்லியாச்சு.'

ஏசி: 'சொல்லியாச்சு. அஞ்சு நிமிஷம் சிரிச்சான்.'

தண்ணீர் ஒழுகியது: 'சொல்லியாச்சு. பாப்பா குடிச்சதைச் சொன்னதும் சிரிச்சுப் போனைக் கீழே போட்டுட்டான். டேப் ஒட்டினது அண்ணிதானாம். ராத்திரி கண்ணு கூசுதுன்னு.'

கூரைக் கண்ணாடி: 'சொல்லியாச்சு. ரெண்டு தடவை சொல்லச் சொன்னான்.'

கியர்பாக்ஸ்: 'சொல்லியாச்சு. சிரிக்கலை. அப்புறம், பாப்பாகிட்டேர்ந்து வண்டியைத் திருப்பி வாங்கிக்கறேன்னான்.'

பில்களோடு மொட்டைமாடிக்குப் போனேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"எது?"

"சொல்லியாச்சு, சொல்லியாச்சுன்னு."

"சொன்னதைத்தானே எழுதியிருக்கேன். பில்லுல இல்லாததை ஓரளவுகிட்ட கேட்டுக்குவேன். நல்லாச் சொல்லுவார்."

"குறை சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"உன்னைச் சொன்னேன். நீ சொன்னா அது குறை. நான் சொன்னா அது அண்ணன்கிட்ட பேசறது."

ஒரு போர்வையை உதறினாள். மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். பிறகு அவளாகவே சொன்னாள்: "முதல் பில்லைப் பார்த்ததும் கோவம்தான் வந்துது. திட்டறதுக்குத்தான் போன் போட்டேன். 'அண்ணா, நீ குடுத்தது காரில்ல, ரேடியோ. நாலு சக்கரம் வச்ச ரேடியோ'ன்னேன். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். போச்சு, இன்னொரு ஒம்பது வருஷம்னு நெனச்சேன். அவன் சிரிச்சிட்டான்டி. அன்னிக்கு இருபத்திரண்டு பேர் இருந்தாங்க. இப்ப அவனும் நானும்தான்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ பில்லை ஒளிச்சு வைக்கமாட்டே. எடுத்து எங்கிட்டயே குடுத்துடுவே. அதுல என்ன சுவாரசியம் இருக்கு?" என்றாள்.

ஆக, மாமா, ஒன்பது மாதமாக எந்தச் சிரிப்பைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது என் பில்களைப் பார்த்து வந்த சிரிப்பு. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே வாரா வாரம் "எப்படி ஓடுது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று காலை புது வண்டி மனசுக்கு ஒட்டவில்லை என்றீர்கள். ராசியான வண்டி என்றீர்கள். கியர்பாக்ஸ் பில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அவ்வளவு சுற்றி வந்திருக்கிறீர்கள். பொய் உங்களுக்கும் நன்றாகத்தான் வருகிறது.

அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதை யோசித்துவிட்டுச் சொல்கிறேன். தரமாட்டேன். போக வேண்டியது எல்லாம் போய், போட வேண்டியது எல்லாம் போட்டாயிற்று. இனி இது புது வண்டி மாதிரிதான் என்று ஓரளவே சொல்கிறார். ஓரளவுக்கு.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய், கைப்பையிலிருந்து கண்ணாடி மோட்டார் பில்லை எடுத்து, கிளிப்பில் கடைசியாகச் செருகி, காய்கறிப் பெட்டியில் வைத்து, அலமாரியை மூடினேன்.